போடி மலைக்கு மேல ஒரு வெளிநாட்டு மீன்: டிரவுட் வந்த கதையும், அதுல ஒரு டாக்டரும்

1/
போடியில நின்னு மேற்கால பாருங்க. குரங்கணி, அதுக்கு மேல டாப் ஸ்டேஷன், இன்னும் தள்ளிப் போனா மூணாறு, ராஜமலை. அந்தப் பக்கத்து மலை ஓடைகள்ல ஒரு மீன் வாழுது. தமிழ்நாட்டு மீன் இல்ல, கேரளா மீனும் இல்ல. இந்தியாவுலயே இயற்கையா கிடையாத மீன். பேரு டிரவுட்.

இது எப்படி அங்க போச்சு? கொண்டு வர மெனக்கெட்டது யாரு? இந்தக் கதையோட தொடக்கத்துல எங்க தொழில்காரர், ஒரு டாக்டர் இருக்கார். அதனாலதான் இந்த நீள த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

2/
முதல்ல மீனைப் பத்தி. நம்ம கதைக்கு வேண்டியது ரெண்டு வகை. ஒண்ணு பழுப்பு டிரவுட், ஐரோப்பாவைச் சேர்ந்தது. இன்னொண்ணு வானவில் டிரவுட். உடம்பு நெடுக இளஞ்சிவப்புல ஒரு பட்டை ஓடும். வட அமெரிக்காவோட மேற்குப் பக்கத்துல பசிபிக் கடலுக்கு ஓடுற ஆறுகளும், ரஷ்யாவோட கம்சட்காவும் அதோட சொந்த ஊரு. ரெண்டுமே சால்மன் மீனுக்கு நெருங்கின சொந்தம்.

3/
இந்த மீனுக்கு ஒரே ஒரு பிடிவாதம்: தண்ணி ஜில்லுன்னு இருக்கணும். 20 டிகிரியைத் தாண்டினா திணறும். 25 டிகிரி கிட்டத்தட்ட உயிர் போற எல்லை.

காரணம் ஆக்சிஜன். கடல் மட்டத்துல 10 டிகிரி தண்ணியில லிட்டருக்கு சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். அதே தண்ணி 30 டிகிரி ஆனா சுமார் 7.5தான். சூடு ஏற ஏற மீனோட உடம்புக்கு ஆக்சிஜன் தேவை கூடும், தண்ணியிலயோ குறையும். கோவிட் சமயத்துல பல்ஸ் ஆக்ஸிமீட்டர் மாட்டிக்கிட்டு எண்ணையே பார்த்துட்டு இருந்தோமே, அதே கணக்குதான்.

4/
போடி கடல் மட்டத்துல இருந்து சுமார் 350 மீட்டர். இரவிகுளம் பீடபூமி சுமார் 2,000 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினா சுமார் 6 டிகிரி குறையும். அதாவது கீழே இருக்கிறதை விட மேல 10 டிகிரி குறைவு. நம்ம கம்பம் பள்ளத்தாக்குல அயிரையும் கெண்டையும் கெளுத்தியும் சுகமா இருக்கும். டிரவுட்டைக் கொண்டாந்து விட்டா தாங்காது. மேல அந்த மலை மட்டும் அதுக்கு ஒரு குட்டி ஸ்காட்லாந்து.

5/
இப்ப மீன்பிடி. நம்ம ஊர்ல தூண்டி போடுறதுன்னா கம்பு, நரம்பு, தக்கை, முள்ளுல மண்புழு. போட்டுட்டுக் காத்திருக்கணும்.

டிரவுட்டுக்கு வெள்ளைக்காரங்க பழகினது வேற முறை: ஃப்ளை ஃபிஷிங். புழு கிடையாது. முள்ளைச் சுத்தி இறகு, ரோமம், பட்டு நூல் கட்டி, ஒரு பூச்சி மாதிரியே செஞ்சிருப்பாங்க. இந்தப் போலிப் பூச்சிக்கு எடையே இல்ல, வீசினா போகாது. அதனால கயிறையே கனமா வச்சு, கம்பைச் சாட்டை மாதிரி முன்னும் பின்னும் ஆட்டி, கயிறோட வேகத்துல பூச்சியைக் கொண்டுபோய் தண்ணி மேல மெல்ல இறக்கணும். மீன் அதை நெஜப் பூச்சின்னு நம்பி வாயைத் திறக்கணும்.

6/
இதுக்கு ஓடையைப் படிக்கத் தெரியணும். எந்தப் பாறைக்குப் பின்னாடி தண்ணி சுழியுது, மீன் எங்க ஒதுங்கி நிக்குது, இந்த நேரத்துல எந்தப் பூச்சி பறக்குது, உங்க நிழல் எந்தப் பக்கம் விழுது. வெளியூர்க்காரனுக்கு இது ஒரு நாள்ல வராது. அதான் உலகம் பூரா இந்த விளையாட்டுல கூட ஒரு வழிகாட்டி இருப்பார். ஸ்காட்லாந்துல அவங்களுக்கு 'கில்லி'ன்னே பேரு. மூணாறு மலையில அந்த இடத்துல இருந்தவங்க முதுவர்கள். அவங்க கிட்ட பின்னாடி வர்றேன்.

7/
நடுவுல ஒரு விஷயம். மீன் அங்கிருந்து இங்க வந்துச்சு, இங்கிருந்து ஒண்ணு அங்க போச்சு.

நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில ஒரு காட்டுக்கோழி உண்டு, சாம்பல் நிறம். தீபகற்ப இந்தியாவைத் தவிர வேற எங்கயும் கிடையாது. சேவலோட கழுத்து இறகுல மெழுகு தேச்ச மாதிரி மின்னுற மஞ்சள் புள்ளி இருக்கும். போலிப் பூச்சிக்குக் கண்ணு வைக்க இதை விட்டா இறகே இல்லன்னு பிரிட்டன்ல ஏகப்பட்ட கிராக்கி. ஸ்காட்லாந்து ஆத்துல சால்மன் பிடிக்க நம்ம காட்டுக்கோழி கழுத்தறுபட்டுச்சு. இன்னைக்கு அந்தப் பறவைக்கு 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட பாதுகாப்பு இருக்கு.

8/
சரி, டாக்டர் கதைக்கு வருவோம். பேரு பிரான்சிஸ் டே. 1829ல இங்கிலாந்துல சஸெக்ஸ் மாவட்டத்துல பிறந்தவர். 1852ல மெட்ராஸ் ராணுவத்துல மருத்துவரா சேர்ந்தார். கொச்சியில வேலை பார்த்தார். மருந்தும் கத்தியும் பிழைப்பு, மனசு பூரா மீன்.

நீலகிரியில டிரவுட்டைக் குடியேத்த முதல்ல முயற்சி பண்ணினது இவர்தான், 1863ல. தோல்வி. 1866ல திரும்ப ஒரு முயற்சி. அதுவும் தோல்வி.

9/
ஏன் அவ்வளவு கஷ்டம்? வளர்ந்த மீனைக் கப்பல்ல கொண்டு வர முடியாது. முட்டையாத்தான் கொண்டு வரணும். அன்னைக்கு சூயஸ் கால்வாய் கிடையாது, அது திறந்தது 1869ல. ஆப்பிரிக்காவைச் சுத்தி வரணும். இல்லன்னா எகிப்துல இறங்கி, ரயில் மாறி, செங்கடல்ல திரும்பக் கப்பல் ஏறணும். வழி நெடுக வெயில்.

தடுப்பூசியை 2-லிருந்து 8 டிகிரிக்குள்ளயே வச்சுக் கொண்டு வரணும்னு நாங்க படுற பாடு ஆரம்ப சுகாதார நிலையத்துல வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். நடுவுல ஒரு இடத்துல ஐஸ் உருகினா மொத்தமும் வீண். டிரவுட் முட்டைக்கும் அதே கோல்ட் செயின்தான். ஃபிரிட்ஜ் இல்லாத காலத்துல!

10/
இதுல ரெண்டு சூட்சுமம் இருக்கு.

ஒண்ணு, குளிர் முட்டையோட வளர்ச்சியைத் தாமதப்படுத்தும். 10 டிகிரியில சுமார் 40 நாள்ல பொரியுற பழுப்பு டிரவுட் முட்டை, 2 டிகிரிக்குப் பக்கத்துல வச்சா 4 மாசத்துக்கும் மேல எடுத்துக்கும். கப்பல் பயணத்துக்கு அந்த அவகாசம் போதும்.

ரெண்டு, கருவுல கண்ணு உருவாகி, முட்டைக்கு வெளியில ரெண்டு கறுப்புப் புள்ளியா தெரியுற ஒரு கட்டம் வரும். அதுக்கு முன்னாடி குலுங்கினா முட்டை செத்துரும். அதுக்கப்புறம் ஓரளவு தாங்கும். அந்த நேரம் பார்த்துத்தான் பயணம் கிளப்பணும்.

11/
இந்த வித்தையைச் சாதிச்சுக் காட்டினது ஆஸ்திரேலியாப் பக்கம். 1864ல நார்ஃபோக்-னு ஒரு கப்பல். அதுக்குள்ள ஐஸ் அறை, அதுல பாசியில பொதிஞ்ச முட்டைப் பெட்டிகள். சுமார் 3 மாசப் பயணம் முடிஞ்சு மெல்போர்ன் போய், அங்கிருந்து டாஸ்மேனியாவுக்குப் போச்சு. பொரிஞ்சது சில நூறு குஞ்சுதான். ஆனா அதுல இருந்துதான் தெற்கு அரைக்கோளத்துல டிரவுட் பெருகுச்சு.

அந்த முட்டைகள்ல ஒரு பங்கைக் கொடுத்தவர் பிராங்க் பக்லாண்ட். அவர் யாரு? அவரும் ஒரு ராணுவ சர்ஜன்! அந்தக் காலத்து டாக்டர்களுக்கு மீன் மேல அப்படி என்ன பைத்தியமோ!

12/
நீலகிரியில அதே 1860கள்ல இன்னொரு குடியேற்றமும் நடந்துச்சு: சின்கோனா மரம். தென் அமெரிக்காவுல இருந்து வந்த மரம். அதோட பட்டையில இருந்துதான் குயினைன், அன்னைக்கு மலேரியாவுக்கு இருந்த ஒரே நம்பகமான மருந்து. ஊட்டி தாவரவியல் பூங்காவோட மெக்ஐவர் அதைப் பார்த்துக்கிட்டார்.

ஒரே மலை, ஒரே பத்து வருஷம். ஒண்ணு உயிர் காக்க வந்த வெளிநாட்டு மரம். இன்னொண்ணு பொழுதுபோக்க வர வேண்டிய வெளிநாட்டு மீன். மரம் வேர் பிடிச்சிருச்சு. மீன் வழியிலயே போய்ச் சேர்ந்துருச்சு.

13/
டே தோத்தாலும் ஆசை விடல. 1880கள்ல இலங்கையில நுவரெலியா மலைக்குத் தோட்டத் துரைமார் டிரவுட்டைக் கொண்டு வந்தாங்க. காஷ்மீர்ல ஸ்ரீநகர்ல கம்பளத் தொழில் பண்ணின மிட்செல்னு ஒருத்தர் முன்னால நின்னார். முதல் முட்டைச் சரக்கு வீணாப் போச்சு, 1900 கடைசியில வந்தது பிழைச்சுச்சு. இன்னைக்கு காஷ்மீர்லயும் இமாச்சலத்துலயும் இருக்கிற டிரவுட் தொழிலுக்கு அதுதான் விதை.

14/
நீலகிரிக்குத் திரும்ப வருவோம். 1907ல மெட்ராஸ் மாகாணத்துல மீன்வளத் துறை வந்துச்சு, பின்னால இருந்தவர் சர் பிரடெரிக் நிக்கல்சன். அந்தச் சமயத்துலதான் எச்.சி. வில்சன்ங்கிற மீன் வளர்ப்பு நிபுணர் அவலாஞ்சியில டிரவுட் குஞ்சு பொரிப்பகத்தை நடத்திக் காட்டினார். பழுப்பு டிரவுட்டை விட வானவில் டிரவுட் இந்த மலைக்கு நல்லா ஒத்துப் போச்சு.

டே-யோட முதல் முயற்சியில இருந்து எண்ணினா 40 வருஷத்துக்கு மேல. ஒரு மீனுக்காக.

15/
வானவில் டிரவுட் உலகம் சுத்தக் கிளம்பின ஊர்கள்ல முக்கியமானது கலிபோர்னியாவுல மெக்லவுட்ங்கிற ஆறு. 1872ல லிவிங்ஸ்டன் ஸ்டோன்னு ஒரு பாதிரியார் அங்க அமெரிக்க அரசோட குஞ்சு பொரிப்பகத்தை ஆரம்பிச்சார். அங்க வேலை பார்த்தவங்க அந்த ஆத்தங்கரை ஆதிகுடிகளான விண்டு மக்கள். பின்னாடி சாஸ்தா அணை கட்டினப்ப அவங்களோட ஊர்களும் சுடுகாடுகளும் தண்ணிக்குள்ள போச்சு. மீன் மட்டும் கண்டம் கண்டமா பரவுச்சு.

மலையில பிறந்தவங்க, மலைக்கு வந்த மீன். இந்த ஜோடியை நம்ம பக்கமும் பார்க்கப் போறோம்.

16/
நம்ம மலைக்கு வருவோம். 1877ல ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரசர் கிட்ட இருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கினார். காபி, சின்கோனா எல்லாம் போட்டுப் பார்த்துக் கடைசியில தேயிலை நிலைச்சுச்சு. 1897ல கண்ணன் தேவன் கம்பெனி. கண்ணன், தேவன்ங்கிறது முதுவர் தலைவர்களோட பேருன்னு சொல்வாங்க. நம்ம டீத்தூள் பாக்கெட்ல இருக்கிற பேரு!

17/
அந்தத் தோட்டங்களுக்குப் பிரதான வாசல் எது தெரியுமா? போடி. டாப் ஸ்டேஷன்ல இருந்து கீழே கொட்டகுடிக்கு ரோப்வே. மூணாறுல இருந்து டாப் ஸ்டேஷனுக்குக் குண்டளப் பள்ளத்தாக்கு ரயில். தேயிலைப் பெட்டி ரயில்ல வந்து, கம்பியில தொங்கி இறங்கி, மாட்டு வண்டியில போடிக்கு வரும். 1924 ஜூலை வெள்ளம் அந்த ரயிலை அடிச்சுட்டுப் போயிருச்சு, திரும்பப் போடவே இல்ல. மதுரை-போடி ரயில் 1928ல வந்துச்சு.

கங்காணி கூட்டிட்டுப் போன ஜனங்களுக்கு ரோப்வே கிடையாது. சமவெளியில இருந்து தலைச்சுமையோட, கைக்குழந்தையோட மலை ஏறித்தான் போனாங்க.

18/
துரைமாருக்கு ஞாயித்துக்கிழமை போகணுமே. வேட்டை, குதிரை, கிளப், அப்புறம் மீன். 20ஆம் நூற்றாண்டோட முதல் பாதியில ஹை ரேஞ்ச் மலைகளுக்கும் டிரவுட் வந்துச்சு. அதுக்குன்னே ஹை ரேஞ்ச் ஆங்ளிங் அசோசியேஷன். ராஜமலையில குஞ்சு பொரிக்கிற தொட்டிகள். உறுப்பினர்களும் அனுமதி வாங்கின விருந்தாளிகளும் தூண்டில் வீசுவாங்க.

19/
காட்டுக்குக் காவலா, வழித்துணையா இருந்தவங்க முதுவர்கள். மதுரையில இருந்து மீனாட்சி சிலையை முதுகுல சுமந்து மலை ஏறினதால 'முதுவர்'னு பேரு வந்துச்சுன்னு ஒரு வாய்மொழி வரலாறு உண்டு. எந்தப் பக்கம் யானை நிக்குது, எந்த ஓடையில எப்ப தண்ணி கலங்கும், எந்தப் பாறை வழுக்கும், எல்லாம் அவங்களுக்கு அத்துப்படி. அவங்க இல்லாம துரைமாருக்கு ஓடையும் கிடையாது, மீனும் கிடையாது. கிளப் சுவத்துல மாட்டின படங்கள்ல பெரும்பாலும் பேரு இருக்கிறது மீனைப் பிடிச்சவருக்குத்தான்.

20/
ஒரு டாக்டரா எனக்கு இந்த இடத்துல மனசு நிக்குது. அன்னைக்கு இந்த மலைகள்ல மலேரியா, காலரா ரெண்டும் ஆளைத் தூக்கிட்டுப் போகும். மூணாறு சர்ச் கல்லறைத் தோட்டத்தோட முதல் கல்லறை, 1894ல காலராவுல இறந்த எலினார் நைட்ங்கிற இளம்பெண்ணோடது. துரை வீட்டுக்கே அந்தக் கதின்னா லயத்துல இருந்தவங்க கதியை யோசிச்சுப் பாருங்க. முல்லைப் பெரியாறு அணை கட்டின இடத்துலயும் நோயில போனவங்க நூத்துக்கணக்கு.

மீன் முட்டைக்கு ஐஸ், பாசி, பெட்டி, தொட்டின்னு பார்த்துப் பார்த்து ஏற்பாடு நடந்த அதே காலம்.

21/
இதோட 'வெள்ளைக்காரன் மோசம்'னு முடிச்சுட்டா த்ரெட் சுலபமா முடிஞ்சுரும். ஆனா டே அவ்வளவு சுலபமான ஆளு இல்ல.

டிரவுட் கொண்டு வரத் தோத்த அதே மனுஷன், இங்க ஏற்கனவே இருந்த மீன்களை ஒண்ணொண்ணா எடுத்து, அளந்து, செதில் எண்ணி, படம் வரைஞ்சு எழுதி வச்சார். 1865ல மலபார் மீன்கள் பத்தி ஒரு புத்தகம். 1875-லிருந்து 1878 வரைக்கும் பகுதி பகுதியா 'ஃபிஷஸ் ஆஃப் இந்தியா'. இன்னைக்கும் இந்திய மீன்களைப் பத்தி ஆராய்ச்சி பண்றவங்க அதைப் புரட்டாம இருக்க முடியாது.

22/
ஒரு உதாரணம். குமுளியில இருந்து கோட்டயம் போற வழியில முண்டக்கயம் வரும்ல, அங்க கிடைச்ச ஒரு மீனுக்கு 1865ல டே பேரு வச்சார். அப்போதைய மெட்ராஸ் கவர்னர் டெனிசன் பேரை. நீளமா ஒரு செவப்புக் கோடு, கீழே கறுப்புக் கோடு. இன்னைக்கு மீன் தொட்டிக் கடையில 'மிஸ் கேரளா'ன்னு விக்கிறாங்களே, அதேதான். அந்த அழகே அதுக்கு வினையாப் போச்சு. ஏற்றுமதிக்காக ஓடை ஓடையா அள்ளினதுல இப்ப அது அழியும் நிலையில இருக்கிற மீன் பட்டியல்ல இருக்கு.

23/
டே இந்திய மீன்வளத்துக்குத் தலைமை ஆய்வாளராவும் இருந்தார். 1873ல நன்னீர் மீன்கள் பத்தி அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார். பொடிக் கண்ணி வலையில குஞ்சுகளை அள்ளுறது, தண்ணியில விஷம் கலக்குறது, இதெல்லாம் ஆத்தையே காலி பண்ணிரும்னு எச்சரிச்சார். தென் கன்னட கலெக்டரா இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸும் இதே குரல். 1897ல இந்திய மீன்வளச் சட்டம் வந்து, வெடியும் விஷமும் போட்டு மீன் பிடிக்கிறது குற்றம்னு ஆச்சு. 1889ல இறந்துட்ட டே அதைப் பார்க்கல.

24/
இப்ப நம்ம வீட்டுக் குழாய்க்கு வர்றேன். கம்பம் பள்ளத்தாக்கோட ரெண்டு போகமும், தேனியோட குடிதண்ணியும் எங்கிருந்து வருது? மேற்க பாயுற பெரியாத்தை மறிச்சு, 1895ல பென்னிகுவிக் மலையைக் குடைஞ்சு கிழக்க திருப்பின தண்ணி. அந்த அணைக்குப் பின்னாடி இருக்கிற ஏரிக்குத் தண்ணி கொண்டு வர்ற காட்டு ஓடைகள்ல ஒரு மீன் இருக்கு. உலகத்துலயே அங்க மட்டும்தான்.

25/
1941ல சுந்தர ராஜ்ங்கிற மீன் விஞ்ஞானி அதை உலகத்துக்குச் சொன்னார். லெபிடோபைகாப்சிஸ் டைபஸ்னு அறிவியல் பேரு. அதை இமயமலை 'ஸ்னோ டிரவுட்' கூட்டத்தோட சேர்த்து வச்சாங்க. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கூட்டத்தோட சொந்தக்காரன் தேக்கடிக் காட்டுல எப்படின்னு ஒரே ஆச்சரியம். பின்னாடி வந்த மரபணு ஆய்வுகள் அந்தச் சொந்தத்தையே கேள்வி கேட்டுச்சு.

ஆங்கிலத்துல அதுக்கு வழங்குற பேரு என்ன தெரியுமா? 'பெரியார் டிரவுட்'. அது டிரவுட்டே இல்ல, கெண்டைக் குடும்பம்! நம்ம சொந்த மீனைக் கூட விருந்தாளி பேருல கூப்பிடுறோம்.

26/
அந்தப் பெரியார் டிரவுட் இன்னைக்கு அழியும் ஆபத்துல இருக்கிற இனம். ஏரிக்குள்ள வெளியில இருந்து வந்த சாதாக் கெண்டையும் திலேப்பியாவும் பெருகி, இரைக்கும் இடத்துக்கும் போட்டி போடுது. இது மூணாறு டிரவுட்டோட வேலை இல்ல. நம்ம காலத்துல, 'நல்லா வளரும், நாலு பேருக்குச் சாப்பாடு'ன்னு விட்ட மீன்களோட வேலை.

27/
டிரவுட்டும் அப்பாவி இல்ல. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட 'மிக மோசமான 100 அயல் உயிரினங்கள்' பட்டியல்ல பழுப்பு டிரவுட், வானவில் டிரவுட் ரெண்டுமே இருக்கு. நியூசிலாந்துல காலாக்ஸியஸ்னு சின்னச் சின்ன உள்ளூர் மீன்கள் பல ஓடைகள்ல இருந்தே காணாமப் போனதுக்கு டிரவுட் முக்கியக் காரணம். கொண்டு வந்தவங்க கேட்ட கேள்வி ஒண்ணுதான்: 'இந்தத் தண்ணியில டிரவுட் பிழைக்குமா?' கேட்டிருக்க வேண்டியது இன்னொண்ணு: 'டிரவுட் வந்தா இந்தத் தண்ணியில இருக்கிறது பிழைக்குமா?'

28/
இப்ப எங்க துறையோட பாவமன்னிப்பு. அதே 100 பேர் பட்டியல்ல கம்பூசியாவும் இருக்கு. கொசுப் புழுவைத் தின்னும்னு 1928ல இந்தியாவுக்குக் கொண்டு வந்த அமெரிக்க மீன். மலேரியா ஒழிப்புக்காக நாங்கதான் குளம் குளமா விட்டோம். கொசுப் புழுவோட நிக்காம உள்ளூர் மீன் குஞ்சு, தவளை முட்டை எல்லாத்தையும் தின்னுச்சு. நம்ம வாய்க்கால்லயே நெத்தியில வெள்ளிப் பொட்டு வச்ச மாதிரி ஒரு சின்ன மீன் இருக்கும், பார்த்திருப்பீங்க. அதுவும் கொசுப் புழுவைத் தின்னும். பக்கத்துல இருந்த மருந்தை விட்டுட்டு அமெரிக்காவுக்கு ஆள் அனுப்பினோம்.

நோயாளியைப் பரிசோதிக்காம மருந்து எழுதக் கூடாதுன்னு முதல் வருஷத்துலயே சொல்லிக் கொடுப்பாங்க. குளத்துக்கும் அது பொருந்தும்னு யாரும் சொல்லித் தரல.

29/
கதையில ஒரு நல்லதும் இருக்கு. துரைமார் தங்களோட வேட்டைக்கும் தூண்டிலுக்கும்னு தேயிலை போடாம ஒதுக்கி வச்ச புல்வெளியும் சோலையும் தப்பிச்சுச்சு. 1971ல கேரள அரசு சட்டம் போட்டுக் கண்ணன் தேவன் நிலங்களை எடுத்துச்சு. 1975ல இரவிகுளம் சரணாலயம், 1978ல தேசியப் பூங்கா. இன்னைக்கு உலகத்துலயே வரையாடு அதிகமா இருக்கிற இடம் அது. யாருக்காகவோ காப்பாத்தினது வேற யாருக்கோ உதவுச்சு.

30/
டிரவுட்டுக்கு இனி என்ன? தண்ணி சூடாகச் சூடாக அது மேல மேல போகணும். இமயமலையில போக இடம் இருக்கு. நம்ம பக்கம் ஆனைமுடியே 2,695 மீட்டர்தான், அதுக்கு மேல வானம். அங்கயே இருக்கிற நம்ம மலை மீன்களுக்கும் அதே கதிதான். விருந்தாளியும் வீட்டுக்காரரும் ஒரே கூரைக்கடியில, கூரையோ இறங்கிட்டே வருது.

31/
ஃப்ளை ஃபிஷிங் ஆசை வந்தவங்களுக்கு: ஊட்டிப் பக்கமோ இமாச்சலத்துல தீர்த்தன் பள்ளத்தாக்குலயோ முறையா அனுமதி வாங்கி, உள்ளூர் வழிகாட்டியோட போங்க. அவருக்குச் சேர வேண்டியதைக் கொடுங்க, படம் போட்டா அவர் பேரையும் போடுங்க. கண்ணாடி மாட்டிக்கோங்க, முள்ளு கண்ணுல பட்டா விளையாட்டு இல்ல. விரல்ல ஆழமா ஏறினா பிடிச்சு இழுக்காதீங்க, அப்படியே ஆஸ்பத்திரிக்கு வந்து எடுத்துட்டு டிடி ஊசி போட்டுக்கோங்க.

32/
நம்ம எல்லாருக்கும்:
• வீட்டுத் தொட்டி மீன் அலுத்துப் போச்சுன்னு முல்லையாத்துலயோ சுருளியாத்துலயோ விடாதீங்க. 'பாவம், பிழைச்சுப் போகட்டும்'ங்கிற அந்த இரக்கம் ஆத்துக்குக் கொள்ளி.
• கோயில் குளம், கண்மாய்ல மீன் விடுற முன்னாடி மீன்வளத் துறையைக் கேளுங்க.
• தோட்டா போடுறது, பிளீச்சிங் பவுடர் கலக்குறது தெரிஞ்சா சொல்லுங்க. 1897ல இருந்தே குற்றம்.

33/
கடைசியா ஒண்ணு. பிரான்சிஸ் டே-யோட வாழ்க்கையில ரெண்டு வேலை. ஒண்ணு, இல்லாத மீனைக் கொண்டு வரப் பார்த்தது. இன்னொண்ணு, இருந்த மீனை உக்காந்து பார்த்தது. முதல் வேலை தோத்துச்சு, அதை வேற ஆட்கள் முடிச்சு வச்சாங்க. ரெண்டாவது வேலைக்காகத்தான் இன்னைக்கும் அவர் பேரை மரியாதையோட சொல்றோம்.

நம்ம ஊர் ஓடையில, வாய்க்கால்ல நீங்க சின்ன வயசுல பிடிச்ச மீன்கள் என்னென்ன? உங்க ஊர்ல அதுக்கு என்ன பேரு? இப்பவும் இருக்கா? கீழே எழுதுங்க. வீட்டுல தாத்தா, அப்பத்தா இருந்தா கேட்டு எழுதுங்க, அவங்களுக்குத்தான் நிறையத் தெரியும்.